பொன்னாடையும் பட்டாவும்

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஒரு சின்னக் கூட்டம். முப்பது வருடத்துக்கும் மேலாகத் தெருவுக்கு ஓடியாடி உழைத்த ஓர் அம்மாவுக்குப் பாராட்டு விழா எடுப்பது என்று முடிவாயிற்று. பொன்னாடை என் பொறுப்பு என்றார் ஒருவர். மாலை, ஃபிளெக்ஸ், மைக் செட் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. வாழ்த்து மடல் மட்டும் என் தலையில் விழுந்தது. "சார் முப்பத்தாறு வருசம் ஆபீஸ்ல எழுதுனவரு, அவரே எழுதட்டும்" என்றார்கள். ஆபீசில் நான் எழுதியதெல்லாம் "பார்வையில் கண்ட கடிதத்தின்படி" என்று தொடங்கி "மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று முடிவது. அது அவர்களுக்குத் தெரியாது.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வீட்டு வாசலில் வந்து நின்று சண்டை போடுவார். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்கு முன்னால், ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளின் பல் எல்லாம் காவியேறிக் கிடந்த காலத்தில், காலிக் குடங்களோடு பெண்களை அழைத்துக்கொண்டு போய் ரோட்டில் உட்கார்ந்தவர் அவர். அர்த்த ராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ரேஷன் கார்டு, முதியோர் பணம், விதவைப் பணம் என்று அவர் கைப்பிடித்து அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தவர்களைத் தெருவில் எண்ணத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் எந்த மனுவுக்கு எந்த மேசை என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குச் சில அலுவலர்களுக்கே தெரியாது.

இரண்டு நாள் உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் காலாற நடந்து அதியமான் கோட்டம் வரைக்கும் போனேன். அதியமானும் ஔவையும் அங்கே சிலையாக இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே நெல்லிக்கனிக் கதை தெரிந்துவிடும். நீண்ட ஆயுள் தரும் கனி தனக்குக் கிடைத்தும், அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. இதை ஔவையே பாடி வைத்திருக்கிறார், புறநானூற்றில் இருக்கிறது.

நெல்லிக்கனியை எல்லாரும் சொல்கிறார்கள். ஜம்பைக் கல்வெட்டை எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குன்றில், குகையின் பாறையில், தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி இருப்பதை 1981-இல் தொல்லியல் துறையினர் கண்டுபிடித்தார்கள். சதியபுதன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் பொருள். அசோகன் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்று அதுவரை ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரியில் வழக்கு தீர்ந்தது. அறிஞர்களுக்கு அது பெரிய செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது கடைசிச் சொல். பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை, கல்லில் படுக்கை வெட்டிய இருப்பிடம். நம் பேச்சில் சொன்னால் வீடு. கொடுத்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்த பொருள் இருக்கிறது, வேறு அலங்காரம் இல்லை. இருபது நூற்றாண்டுக்கு முன்னால் எங்கள் மன்னன் கல்லில் வெட்டிக் கொடுத்த பட்டா என்று அதைப் படித்தபோது நினைத்தேன். குமாஸ்தா புத்தி, என்ன செய்ய!

ஔவை சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சின்னப்பிள்ளை அம்மாவின் நினைவு வந்தது. தமிழ்நாடு அரசு 2012 முதல் மகளிர் தினத்தை ஒட்டி ஔவையார் விருது என்று ஒன்று கொடுத்து வருகிறது. 2018-ஆம் ஆண்டுக்கான அந்த விருதைப் பெற்றவர் மதுரை சின்னப்பிள்ளை. பேரைச் சொன்னதும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு புகைப்படம் கண்ணுக்குள் வந்திருக்கும். பிரதமர் வாஜ்பாய் குனிந்து ஒரு கிராமத்துப் பெண்ணின் காலைத் தொடும் படம். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

படத்துக்கு முந்தைய கதை அவ்வளவாக வரவில்லை. அழகர்கோயில் பக்கத்தில் பில்லுசேரி என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர் சின்னப்பிள்ளை. சொந்த நிலம் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகும் பெண்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக அழைத்துப் போவதைக் கொத்து என்பார்கள். அதற்கு அவர் தலைவி. கொத்துத் தலைவியின் வேலை சாதாரணமானது இல்லை. இத்தனை ஏக்கர், இத்தனை ஆள், இவ்வளவு கூலி என்று நிலக்காரரிடம் நின்று பேச வேண்டும். அதிகமாகக் கேட்டால் அடுத்த போகத்துக்கு வேறு கொத்தைக் கூப்பிட்டுவிடுவார். குறைவாகக் கேட்டால் கூட வந்த பெண்கள் திட்டுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, வேகமாக வேலை செய்ய முடியாத வயதானவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் கொத்தில் சேர்த்துக்கொண்டு அவர்களுக்கும் கூலி வாங்கிக் கொடுத்தார் சின்னப்பிள்ளை. அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதில் என்னை நிறுத்தி வைத்தது இதுதான். காலைத் தொட்ட படம் எல்லாம் பிறகு வந்தது.

1990-ஐ ஒட்டி மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் களஞ்சியம் என்ற பெயரில் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. பின்னால், 1997-இல், தானம் அறக்கட்டளை என்று உருவான அமைப்பின் வேர் அதுதான். அதை முன்நின்று நடத்தியவர் வாசிமலை. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் படித்துவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். களஞ்சியம் என்றால் நெல் சேர்த்து வைக்கும் குதிர் நமக்கு நினைவு வரும். இங்கே நெல்லுக்குப் பதில் காசு. பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட வேண்டும். அதிலிருந்து அவர்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்குக் கொடுப்பது, என்ன வட்டி, எப்போது திருப்புவது எல்லாம் அவர்களே உட்கார்ந்து முடிவு செய்வது. கந்துவட்டிக்காரர் வாசலில் காலையில் வாங்கி மாலையில் கட்டிப் பழகியவர்களுக்கு இது புது உலகம். கொத்துக்காரப் பெண்கள் சின்னப்பிள்ளையை நம்பியதால் குழுவையும் நம்பினார்கள். ஒரு குழு பலவாகி, ஊர் தாண்டி வட்டாரமாகி, களஞ்சிய இயக்கத்துக்கே அவர் தலைவியானார். ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை வழிவழியாக வசதியானவர்கள் கையில் இருந்தது. அதைப் பெண்கள் குழுவுக்குக் கேட்டுக் கலெக்டர் வரைக்கும் போனார்கள். நடவுக் கூலிக்காரிகள் கண்மாய் ஏலம் கேட்பதா என்று ஊரில் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட முகங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இங்கே நம் மாவட்டத்தின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. தமிழ்நாட்டில் அரசு முறையாக மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் நம் மாவட்டத்துக்குள்ளேதான். 2004-இல்தான் பிரிந்தது. சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் எல்லாம் நமக்குப் பின்னால். ஏன் தருமபுரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் பெருமை கொஞ்சம் குறையும். மழை இல்லை, தொழிற்சாலை இல்லை, பெண் குழந்தை பிறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாத ஊர்களும் இருந்தன.

அந்த வருடங்களில் வங்கி வாசலில் பெண்கள் கும்பலாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தனி ஆளுக்குக் கணக்குத் திறக்கலாம், பதிவு பெற்ற சங்கத்துக்குத் திறக்கலாம். பதிவு பெறாத இருபது பெண்களின் குழுவுக்குத் திறக்க எந்த விதியில் இடம் இருக்கிறது என்று மேனேஜர்கள் விழித்தார்கள். 1991-இல் ரிசர்வ் வங்கி வழிவிட்டது. 1992-இல் நபார்டு நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்பது என்று சோதனையாகத் தொடங்கியது. அந்தச் சுற்றறிக்கைகள் வந்த பிறகுதான் கைநாட்டுப் பெண்களின் கையில் பாஸ்புக் வந்தது. ஒரு காகிதம் சரியான நேரத்தில் போனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்பதற்கு என் காலத்தில் நான் கண்ட நல்ல உதாரணம் அது. கெட்ட உதாரணத்துக்கும் வருகிறேன்.

மத்திய அரசு ஸ்திரீ சக்தி புரஸ்கார் என்று ஒரு விருதை ஏற்படுத்தி, 1999-ஆம் ஆண்டுக்கான விருதுகளை 2001 ஜனவரியில் தில்லியில் வழங்கியது. வரலாற்றுப் பெண்களின் பெயரால் ஐந்து விருதுகள். அதில் ஒன்று நம் கண்ணகியின் பெயரில் கூட உண்டு. சின்னப்பிள்ளைக்குக் கிடைத்தது சிவாஜியின் தாயார் ஜீஜாபாய் பெயரிலான விருது. அதைக் கொடுக்கும்போதுதான் வாஜ்பாய் குனிந்தார். ஒரு விஷயத்தைப் பலர் மறந்திருப்பார்கள். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான், 2000 அக்டோபரில், மும்பையில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வயது எழுபத்தாறு. முழங்கால் வலி என்றால் என்னவென்று தெரிந்த வயதில் இப்போது நான் இருக்கிறேன். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுவதை விட்டு நாலு வருடம் ஆகிறது. அந்த மனிதர் புகைப்படத்துக்காக மட்டும் குனிந்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கட்சி வேறு, மரியாதை வேறு.

2019-இல் பத்மஸ்ரீ வந்தது. ஜனாதிபதி மாளிகைக்குப் போய் வாங்கி வந்தார்.

பிறகு 2024. மார்ச் மாதத் தொடக்கத்தில் பேப்பரில் ஒரு செய்தி. பிரதமர் பெயரிலான வீட்டு வசதித் திட்டத்தில் தனக்கு வீடு தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை என்று சின்னப்பிள்ளை சொல்லியிருந்தார். சொன்னது வெளியே வந்ததும், முதலமைச்சர் ஸ்டாலின் வீடு கட்டித்தர உத்தரவிட்டதாக அறிவிப்பு வந்தது. திருவிழான்பட்டியில் அவருக்கு ஏற்கெனவே 1 சென்ட் வீட்டுமனைப் பட்டா கொடுத்திருந்தார்கள். கூடுதலாக 380 சதுர அடிக்குப் பட்டா, அந்த இடத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு.

பழக்கதோஷம், பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டேன். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதோடு 380 சேர்த்தால் ஏறக்குறைய 815 சதுர அடி. பிரதமர் காலைத் தொட்ட நாளிலிருந்து இந்த 815 சதுர அடி காகிதத்தில் வருவதற்கு இருபத்து மூன்று வருடம்.

எந்த அரசு செய்தது, எந்த அரசு செய்யவில்லை என்று திண்ணையில் ஒரு சண்டை நடந்தது. நான் கலந்துகொள்ளவில்லை. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. விருதுக்கான கோப்பு ஒரு கட்டடத்தில் ஓடுகிறது. தகுதி, பரிந்துரை, தேர்வுக்குழு, பதக்கம், விமான டிக்கெட். வீட்டுக்கான கோப்பு வேறு கட்டடத்தில் ஓடுகிறது. பட்டா இருக்கிறதா, பட்டியலில் பெயர் இருக்கிறதா, அளவு போதுமா. முதல் கோப்பைப் பார்க்கிற எழுத்தருக்கு இரண்டாவது கோப்பு இருப்பது தெரியாது. தெரிந்தாலும் அது அவர் மேசை இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பேசிக் கூலி வாங்கிக் கொடுத்தவர், தனக்கென்று ஒரு தடவை வாயைத் திறந்த பிறகுதான் இரண்டு கோப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

நான் பள்ளிக்கூடம் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த ஊரில் ஜூலை 14 வந்தால் பழைய சொல்தாக்கள் கோட்டு மாட்டி, நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார்கள். சின்னப் பையனாக வேடிக்கை பார்த்த எனக்குப் பதக்கத்தின் மேல்தான் கண். பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தாவிடம் ஒருநாள் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டு விளையாடு, பென்ஷன் புஸ்தகத்தைத் தொட்டியோ கை ஒடிஞ்சிடும்" என்றார். சிவாஜி கணேசனுக்கு செவாலியே கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. எனக்கு அந்தத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். எது கௌரவம், எது வாழ்க்கை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இப்போது கெட்ட உதாரணம். அது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். திங்கள்கிழமை மனு வாங்கும் நாள். வீட்டுமனை கேட்டுப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் மனுவை மடிக்காமல் ஓர் அட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். எங்களுக்கு அது பிடிக்கும். மடித்த மனுவில் மடிப்பின் மேல் சீல் விழாது.

மனுக்கள் எப்படித் தூங்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாங்கள் கிழித்துப் போடுவதில்லை, ஒளித்து வைப்பதும் இல்லை. மனு வந்ததும் தன்பதிவேட்டில் ஏற்றி ஒரு ந.க. எண் கொடுப்போம். அறிக்கை கேட்டுக் கீழ் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அனுப்பியதும் என் மேசையைப் பொறுத்தவரை அது நிலுவை இல்லை. அங்கிருந்து "மேற்படி இடம் வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வந்தால், மனுதாரருக்கு ஒரு தபால் போட்டுவிட்டுக் கோப்பை முடித்து ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிடலாம். அதே பெண்கள் அதே கோரிக்கையோடு அடுத்த மாதம் வந்தால் அது புது மனு, புது எண். ஒரே மனுவுக்கு இப்படி நான்கு எண்கள் கொடுத்திருக்கிறேன். மாதக் கடைசியில் எடுக்கும் நிலுவைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் இருக்கும். கண்காணிப்பாளர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

ஐந்தாவது முறை அந்தத் தலைவி என் மேசைக்கு எதிரே நின்று, நான்கு தபாலையும் வரிசையாக வைத்து, "எது சார் எங்க மனு?" என்று கேட்டார். நான் வெற்றிலை போட்டிருந்தேன் என்று நினைவு. பதில் சொல்லவில்லை.

பிறகு ஓர் அதிகாரி மாறி வந்தார். வேகமானவர். நான்கு கோப்பையும் ஒன்றாகக் கட்டி மேலே கேட்டார். வேறு இடம் பார்த்துப் பட்டா கொடுக்க உத்தரவானது. பயனாளிகள் பட்டியலைச் சரிபார்த்துக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மாமனார் பேரில் நத்தத்தில் ஓட்டு வீடு இருந்தது. விதிப்படி வீடு உள்ளவர் தகுதி இல்லாதவர். "வரிசை எண் 1 நீக்கம் செய்யலாம்" என்று எழுதினேன். வரிசை எண் 1 அந்தத் தலைவி. பதினோரு பேருக்குப் பட்டா கிடைத்தது. கொடுக்கும் நாளில் அவரும் வந்திருந்தார். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியதே அவர்தான்.

குறிப்பில் பிழை இல்லை. இன்று எழுதச் சொன்னாலும் விதி அதைத்தான் சொல்லும். ஆனால் அந்த ஓட்டு வீடு மாமனாருக்குப் பிறகு மூன்று பங்கு ஆகும், அவர் குடியிருப்பது அதில் ஒரு அறையும் தாழ்வாரமும் என்று கீழ் அலுவலக அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. முதல் பக்கத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தைப் படித்திருந்தால் குறிப்பில் ஒரு பத்தி கூட வந்திருக்கும். மேலே இருந்தவர் மனசு வைத்திருப்பார். படித்தேன், ஆனால் பட்டா கொடுத்து மூன்று மாதம் கழித்து, கோப்பை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பப் பக்க எண் போடும்போது.

ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தெருவில் வீடு கட்டிக் குடி வந்தேன். பால் காய்ச்சிய அன்று பெண்களோடு கூடமாட வேலை செய்ய வந்த ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே சார் அந்த மனுவுக்கெல்லாம் நம்பர் போட்டுக் குடுத்தவரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா எழுத்து உங்களுது" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்தது இல்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினேழு நாள் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது.

விழா எடுப்பது அவருக்குத்தான் என்று இதற்குள் புரிந்திருக்கும்.

அன்று அதியமான் கோட்டத்திலிருந்து திரும்பும்போது நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் ஓடு சரிந்து ஓர் இடத்தில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. வீடு இன்னும் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். மாமனார் பேரில். அவர் செத்து இருபத்தெட்டு வருடம். கொழுந்தனார்கள் இருவரும் பெங்களூரில், எப்போது வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். வாரிசுச் சான்று வாங்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு வாரிசுச் சான்று வாங்கிக் கொடுத்த உங்களுக்கா இது என்று கேட்டேன்.

"அட, நம்முது எங்க சார் போவப் போவுது. இருக்கறவங்களுக்கு முதல்ல ஆவட்டும்" என்றார்.

பட்டா அவர் பேருக்கு மாறாமல் கனவு இல்லம் திட்டத்தில் விண்ணப்பிக்கவே முடியாது. பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும், பங்காளிகளின் சம்மதம் வேண்டும், உட்பிரிவு செய்து அளக்க வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தது இல்லை, அவ்வளவுதான். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, பழைய வீட்டு வரி ரசீதுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ரசீதுகளுக்கு அடியில் என் கையெழுத்தில் நான்கு தபால்கள், ரப்பர் பேண்டு போட்டு.

இரவு வீட்டுக்கு வந்து வாழ்த்து மடலை முடித்தேன். ஏழு வரிதான். தண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்தது, பதினோரு பேருக்குப் பட்டா வாங்கித் தந்தது, எத்தனை பிரசவம், எத்தனை பேருக்குப் பென்ஷன். கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள். திலகம், சிகரம் என்றெல்லாம் சேர்க்கச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. கூட்டத்தில் அதை வாசிக்கும்போது, பன்னிரண்டாவது பெயர் எப்படி விடுபட்டது என்பதையும் சொன்னேன். மைக் கொஞ்சம் கரகரத்தது. எல்லாருக்கும் கேட்டதா தெரியவில்லை. அவருக்குக் கேட்டது, தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை இருவரும் இ-சேவை மையத்துக்குப் போனோம். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் பதிவு செய்தோம். பெண் பிள்ளை ஒருத்தி கம்ப்யூட்டரில் தட்டி, ரசீதை நீட்டினாள். அம்மா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதுக்கும் நம்பர் குடுத்துட்டாங்க சார்" என்றார்.

எண்ணை என் டைரியில் குறித்துக்கொண்டேன். பதினைந்து நாள் கழித்து நேரில் போய்க் கேட்க வேண்டும். தேதியையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.